ஒரு நண்டின் சரியான எடை

பலாங்கொடைக்கு மேலே இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பள்ளியில், ஐந்தாம் வகுப்பில், நண்டு சாப்பிட்டவன் ஒரே ஒருவன்தான். அது நான். உண்மையைச் சொன்னால், அப்படிப் பீற்றித் திரிந்த நாளில் நான் நண்டைத் தொட்டதுகூட இல்லை. மாமா கூட்டிப்போவார் என்று தெரிந்ததுமே, ஒரு வாரம் முன்னதாகவே வாயால் சாப்பிட்டு முடித்துவிட்டேன்.

மாமா அம்மாவின் தம்பி. கொழும்பில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை. தீபாவளிக்கு வந்தவர், இரத்தினபுரியில் புதிதாகத் திறந்திருந்த சைனீஸ் ஹோட்டலுக்கு அம்மாவையும் என்னையும் அழைத்துப் போனார். அப்பா வரவில்லை. உயிரோடு இருப்பதைக் கை காட்டிவிட்டு, அது வெந்து வரும்வரை காத்திருக்கிற சாப்பாடு தனக்கு ஆகாது என்றுவிட்டார்.

என் கவலை வேறு. எங்களைத் தோட்டத்து ஆட்கள் என்று அங்கே யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாது. அதற்காக மாமாவின் கறுப்புக் கண்ணாடியைக் கெஞ்சி வாங்கி மாட்டியிருந்தேன். அந்தப் பெருமையில் ஹோட்டலின் கண்ணாடிக் கதவு கண்ணுக்குத் தெரியவில்லை. நெற்றியில் ஒரு நெல்லிக்காய் புடைக்க உள்ளே போய்ச் சேர்ந்தேன்.

உள்ளே ஒரு பெரிய தொட்டி. மீனும் நண்டும் உயிரோடு கிடந்தன. இருப்பதிலேயே பெரிய நண்டை நான்தான் காட்டினேன். பரிமாறுகிற இளைஞன் அதைத் தூக்கி ஒரு பிளாஸ்டிக் கூடையில் போட்டு, தண்ணீர் சொட்டச் சொட்டத் தராசில் வைத்தான். எடைக்குத்தான் விலை. நண்டின் கால்களைத் தடித்த ஈரக் கயிற்றால் கட்டியிருந்தார்கள்.

"ஒரு கிலோ இருநூறு கிராம்" என்றான் சிங்களத்தில்.

மாமா தலையாட்டி முடிக்கவில்லை, அம்மா தராசுக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டார்.

"மல்லி, கூடைக்குக் கழிச்சீங்களா?" தம்பி என்பதை 'மல்லி' என்று சொன்ன அம்மாவின் சிங்களம் அந்த இளைஞனுடையதைவிடத் துப்புரவாக இருந்தது.

"அக்கா, வந்து உக்காருங்க. இது கொழுந்து நிறுக்கிற மடுவமில்ல" என்று மாமா பல்லைக் கடித்தார்.

"தராசு எங்க இருந்தாலும் தராசுதானே தம்பி." அம்மா திரும்பவே இல்லை. "மல்லி, நான் தோட்டத்துல கொழுந்து பறிக்கிறவ. தண்ணிக்கு ரெண்டு கிலோ, சாக்குக்கு ஒரு கிலோன்னு தினம் எனக்குக் கழிக்கிறாங்க. நண்டுக்கு மட்டும் ஏன் கழிக்கல?"

தோட்டம் என்ற சொல் காதில் விழுந்ததும் நான் மேசைக்கு அடியில் இருந்தேன். கறுப்புக் கண்ணாடியோடு.

"கயித்தையும் அவுத்துட்டு நிறுங்க."

"கடிச்சிடும் அம்மே!"

"என்னையும்தான் அட்டை கடிக்குது. அதுக்காக யாரும் எடையக் கூட்டிப் போடலையே."

யாரோ சிரித்தார்கள். பிறகு ஹோட்டலே சிரித்தது. சமையல் கட்டிலிருந்து முதலாளி வந்தார். எங்களை வெளியே தள்ளப் போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவரோ வெறும் கூடையையும், நனைத்த கயிறு ஒன்றையும் தனியே நிறுத்தார். முந்நூற்றைம்பது கிராம்.

"அம்மே சொல்றது சரி" என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லிக் கழித்துக்கொண்டார். பக்கத்து மேசைக்காரர், "அப்ப எங்க மீனையும் இன்னொரு தடவை நிறுத்துக் காட்டுங்க" என்று எழுந்தார்.

அந்த நொடியில் நான் மேசைக்கு அடியிலிருந்து வெளியே வந்தேன். யாரும் கேட்காமலேயே, "அது எங்க அம்மா" என்று சிங்களத்தில் ஒரு தடவையும் தமிழில் ஒரு தடவையும் அறிவித்தேன். நண்டு எப்படி ருசித்தது என்று ஞாபகமில்லை. தலை நிமிர்ந்து மென்றது மட்டும் ஞாபகமிருக்கிறது. மாமாகூடக் கடைசியில், "எங்கக்கா" என்று பரிமாறுகிறவனிடம் மெதுவாகச் சொல்லிக்கொண்டார்.

மறுநாளிலிருந்து அம்மா ஒரு வேலை செய்தார். பள்ளி விட்டு நான் மடுவத்துக்குப் போகும்போதெல்லாம், கொழுந்து நிறுக்கிற வரிசையில் நின்று நண்டுக் கதையைச் சொல்லிக்கொண்டிருப்பார். லயத்து வீடுகளில் சொல்வதில்லை, குழாயடியில் சொல்வதில்லை. வரிசையில்தான், அதுவும் தராசை நெருங்க நெருங்கச் சத்தமாக. "வெறுங்கூடையை நிறுத்துக் காட்டினாரு பாரு, அவரு மனுசன்!" என்ற இடத்தில் பெண்களெல்லாம் சேர்ந்து சிரிப்பார்கள். கணக்கப்பிள்ளை தலையைத் தூக்காமல் எடையை எழுதுவார்.

இரண்டாவது வாரமோ மூன்றாவது வாரமோ, ஒரு மழை நாளில், கணக்கப்பிள்ளை ஒரு நனைந்த வெறுஞ்சாக்கை எடுத்து, எல்லார் முன்னாலும் தராசில் போட்டார். ஒரு கிலோவுக்குக் கிட்டக்கூட வரவில்லை. வந்ததை மட்டும் கழித்து எழுதினார். அன்றைக்கு மடுவத்தில் யாரும் சிரிக்கவில்லை. அம்மா அதற்குப் பிறகு அந்தக் கதையைச் சொல்லவும் இல்லை.

நன்றாகப் போய்க்கொண்டிருந்த கதையை ஏன் நிறுத்திவிட்டார் என்று எனக்கு விளங்கவில்லை. அந்த வயதில் எனக்கிருந்த மனக்குறை ஒன்றே ஒன்றுதான்: அத்தனை தடவை சொன்னாரே, நண்டைத் தெரிந்தெடுத்தவன் நான் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.