கோழி தின்னாத மக்காச்சோளம்

மக்காச்சோளத்திலிருந்து எரிசாராயம் எடுக்கும் ஆலையின் வாசலில் காலையிலிருந்தே லாரிகள் வரிசைகட்டி நிற்கும். ஒவ்வொரு லாரியிலிருந்தும் ஒரு கை மக்காச்சோளம் அள்ளி, ஒரு மணியைப் பல்லில் வைத்துக் கடிப்பார் அவர். 'டக்'கென்று உடைந்தால் காய்ந்தது, நசுங்கினால் ஈரம். மேசைமேல் ஈரம் பார்க்கும் மெஷின் ஒன்றும் இருக்கிறது, பாவம், சும்மா. அதனால் எல்லோருக்கும் அவர் பல்லுக்காரர். ஐம்பத்திரண்டு வயதில் பல்லை நம்பிப் பிழைக்கிற ஆளை வேறெங்கே பார்ப்பீர்கள்!

இதற்குமுன் இருபது வருஷம் அவர் கடித்ததெல்லாம் கோழித்தீவன ஆலையில். வீட்டுக்குப் பின்னால் மனைவி முந்நூறு கோழி வளர்த்தாள். பெட்ரோலில் எரிசாராயம் கலந்தே ஆகவேண்டும் என்று அரசாங்கம் உத்தரவு போட்டது. கோழிக்குப் போன மக்காச்சோளம் வண்டிக்குப் போக ஆரம்பித்தது. விலை ஏறியதும், அதை விளைவிக்கிற அவருடைய மச்சானுக்குக் கொண்டாட்டம். மச்சானைக் குறை சொல்ல முடியாது, எத்தனையோ வருஷம் நஷ்டத்தில் விற்றவர். ஆனால் இங்கே முட்டை விற்ற காசு தீவனத்துக்கே போதவில்லை. தீவன ஆலையும் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பியது. அவள் கோழிகளை விற்றுவிட்டு, தூரத்து ஊருக்குத் தையல் வேலைக்குப் போனாள். "தீவனம் வெல எறங்கட்டும், மறுநாளே வந்து நிக்கிறேன்" என்றாள். ஒன்றரை வருஷம் ஆயிற்று. அவரோ விலையை ஏற்றுகிற ஆலையிலேயே சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தார். யாரை நொந்துகொள்வது?

போன மாதம் ஒரு லாரியில் அங்கங்கே பூஞ்சை பிடித்த மணிகள். மோந்து பார்த்தவர் பதறிப்போய் வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டார். மேலாளர் ஓடிவந்தார்.

"என்ன பல்லுக்காரரே, இந்த லேசான பூஞ்சைக்கா வண்டியத் திருப்புனீங்க?"

"இதத் தின்னா கோழி செத்துடும் சார்."

"இங்க எந்தக் கோழி திங்குது?"

டிரைவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவரும் சிரித்துவைத்தார். கோழி என்றதும் மனைவி ஞாபகம் வந்தது. தலையெல்லாம் தீவனத் தூசியோடு, முட்டைக் கூடையை இடுப்பில் வைத்து, கோழிகளையும் அவரையும் சேர்த்துத் திட்டிக்கொண்டே வருவாள். அந்தத் திட்டுக்காக அவர் ஏங்கிக் கிடந்தார்.

சோதித்த மணிகளைக் குப்பையில் கொட்டுவதுதான் வழக்கம். அன்று சாயங்காலம் மேலாளரிடம் கேட்டார்.

"இத நான் எடுத்துக்கட்டுமா சார்?"

"தாராளமா. இதுக்கெல்லாமா கேப்பாங்க?"

இன்று மத்தியானம் சாப்பாட்டு வேளையில் மனைவிக்குப் போன் போட்டார்.

"ஒரு மூட்டை சேத்துட்டேன். ஒரு மணிகூடப் பூஞ்சை கெடையாது, நானே பொறுக்குனது."

"எத்தன கோழிக்கு ஆகும்?"

"தெனம் இப்படிக் கெடச்சா பத்துக் கோழிக்கு ஆகும்."

"முந்நூறு வளத்தவகிட்ட பத்துங்கிறீங்களே."

"தெரியும். வெல எறங்குமான்னு எனக்குத் தெரியல. நீ வந்துடேன்."

அந்தப் பக்கம் தையல் மெஷின்களின் இரைச்சல். அதற்கு நடுவே மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"கூண்டக் கழுவி வச்சிருக்கீங்களா?"

"கழுவணும்..." என்று இழுத்தார்.

"அதானே பாத்தேன்! ஒன்றரை வருஷமா ஒட்டடை அடிக்கக்கூடத் தோணல. வீடு எந்த லட்சணத்துல இருக்கோ! ஒரு ஆள நம்பி விட்டுட்டு வந்தா..."

வெளியே லாரிக்காரன் ஹாரனை விடாமல் அடித்தான். அவர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, மூட்டைமேல் உட்கார்ந்து, திட்டு முழுவதையும் கேட்டார்.