நீல் தீவுக்கு ஒத்த டிக்கெட்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். 2002 மே மாதம், பட்டப்பகலில், கோவில்பட்டி மெயின் ரோட்டில் மாரிசெல்விக்கு நடந்தது இது.

அவள் புதியம்புத்தூரில் ஒரு ரெடிமேட் கம்பெனி சூப்பர்வைசர். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். ஏதாவது ஒரு தீவில் பத்து நாள் தனியாக இருந்து பார்க்க வேண்டும் என்று ஆசை. "பொம்பள ஒத்தையில போனா ஊரு என்ன பேசும்?" என்று குதித்தார் அண்ணன் ஹரிகிருஷ்ணன்.

"பேசுத வாயி பேசட்டும்ணே."

டிராவல்ஸ் ஆபீஸில் வேணுகோபால் மூன்று படங்களை மேஜையில் பரப்பினார். ராமேஸ்வரம், மாலத்தீவு, அந்தமான் பக்கம் நீல் தீவு.

"ராமேஸ்வரம்னா வீட்டுல ஒண்ணும் சொல்ல மாட்டாவ."

"அதனாலதான் வேண்டாங்கேன், அண்ணாச்சி."

மாலத்தீவுக்குப் பாஸ்போர்ட் வேண்டும், அவளிடம் இல்லை. நீல் தீவுப் படத்தைக் கையில் எடுத்தாள். டீ சொல்ல வேணுகோபால் வெளியே போனார்.

கரண்ட் போனது. ஃபேன் நின்றது.

சொட்...

படத்தின் மேல் ஒரு துளி. அண்ணாந்து பார்த்தாள். காய்ந்த காங்கிரீட். ஊரில் மழை பெய்து எத்தனையோ மாதம். துளியைத் தொட்டு நாக்கில் வைத்தாள்.

உப்பு.

பக்கத்து நாற்காலியில் ஒரு பெண். கதவு திறந்த சத்தமே இல்லை. நனைந்த சேலை. முந்தானை முழுக்க மணல்.

"அங்கன போகாத, தாயி."

"ஏன்?"

"நானும் ஒத்தையிலதான் போனேன்..."

இவள் உயிரோடு இருப்பவள் இல்லை என்று மாரிசெல்விக்குப் புரிந்தது. ஓடிவிடலாம் என்று கால் துடித்தது. ஆனால் பிறந்ததிலிருந்து எல்லோரும் சொன்னது 'போகாதே'தான். செத்தவளுமா சொல்ல வேண்டும்?

"நான் போவேன்."

சொட்... சொட்...

"திரும்பி வர வழி தெரியாது, தாயி."

"எனக்குத் தெரியும். நீங்களும் என்கூட வாங்க. ஊருல கொண்டாந்து விடுதேன்."

கரண்ட் வந்தது.

நாற்காலியில் யாரும் இல்லை. ரெக்சின் மட்டும் நனைந்திருந்தது. வேணுகோபால் டீயோடு உள்ளே வந்தார்.

"நீல் தீவுக்கே போடுங்க அண்ணாச்சி. ஒத்த டிக்கெட்."

போனாள். பத்து நாளும் ஆசை தீரக் கடலில் கால் நனைத்தாள். நல்லபடியாகத் திரும்பி வந்தாள். மறுநாள்தான் வேணுகோபாலிடம் நடந்ததைச் சொன்னாள். அவர் முகம் வெளுத்தது.

"ஓட்டப்பிடாரத்துக்காரி... சந்தனமாரி. நான்தான் டிக்கெட் போட்டுக் குடுத்தேன். கடல்ல எறங்குனவ, உடம்பே கெடைக்கல. எட்டு வருஷமாச்சு."

மேஜையில் கிடந்த நீல் தீவுப் படத்தைக் கவிழ்த்து வைத்தார்.

"நேத்து விடியக்காலம் அவ வீட்டு வாசல்ல ஈரக் காலடியாம்... உள்ள போயிருக்கு. வெளிய வரல."