கொரில்லாவின் முதுகு

குடோன் கேட்டைத் தாண்டி நடந்துகொண்டே மனைவிக்குப் போன் அடித்தேன். பின்னால் சூப்பர்வைசர் இந்தியில் கத்திக்கொண்டிருந்தார். அஜ்மானில் வெயில் ஏறிய நேரம். அவள் எடுக்கவில்லை.

பொம்மை மிருகங்களை அட்டையில் அடைத்துக் கடைகளுக்கு அனுப்பும் குடோன் அது. சிங்கம், காண்டாமிருகம், நீர்யானை எல்லாம் நிஜம் போலவே இருக்கும். தோலின் சுருக்கம்கூடத் தெரியும். தாய்க் கொரில்லாவின் முதுகில் மட்டும் குட்டியைத் தனியாக ஒட்டியிருப்பார்கள். சுண்டுவிரல் நுனி அளவு குட்டி. கப்பலில் வரும்போது கழன்று விழுந்தவற்றைத் திரும்ப ஒட்டுவது என் வேலை.

அன்று காலை ஒரு கடையிலிருந்து பெட்டி திரும்பி வந்தது. யாரோ வீட்டுப் பிள்ளை குட்டியை வாயில் போட்டு, தொண்டையில் சிக்கி, ஆஸ்பத்திரியில் எடுத்தார்களாம். "பச்சா டீக் ஹை, பாய்" என்றார் சூப்பர்வைசர். பிள்ளைதான் பிழைத்துக்கொண்டதே, கூட இரண்டு சொட்டு கம் விட்டு ஒட்டு என்றார். எச்சில் பட்டால் இந்தக் கம் நிற்காது என்றேன். "நீ என்ன டாக்டரா? ஜல்தி, ஜல்தி" என்று சிரித்தார்.

நான் ஒட்டிய கொரில்லா ஒன்று முந்தின நாள்தான் ஊருக்குப் போயிருந்தது. லீவில் போன ரூம் அண்ணனிடம் கொடுத்துவிட்டிருந்தேன். என் மகளுக்கு இப்போதுதான் பல் முளைக்கிறது. கைக்குக் கிடைத்ததெல்லாம் வாய்க்குப் போகும். நான் ஆள் சப்ளை கம்பெனி வழியாக வந்தவன். பாதியில் எழுந்து போனால் மறுபடி சேர்க்க மாட்டார்கள். தெரிந்துதான் எழுந்தேன்.

பஸ் ஸ்டாப் அருகே அவளே கூப்பிட்டாள்.

"துணி தொவச்சிட்டு இருந்தேன். என்ன, டியூட்டி நேரத்துல?"

"அண்ணன் பொம்மை கொண்டாந்தாரா?"

"காலையிலேயே குடுத்துட்டுப் போனாவ. ஒங்க மவ கீழ வைக்க மாட்டேங்கா. பிள்ளைக்கு வாங்க வேற ஒண்ணும் கெடைக்கலியா? மூஞ்சி ஒங்க அக்கா மாதிரியே இருக்கு."

"முதுகுல குட்டி இருக்கா பாரு."

"குட்டியா? ஒண்ணும் இல்லியே. பசை காஞ்ச தடம்தான் இருக்கு."

"பிள்ள வாயைத் தெறந்து பாரு. மூச்சு விடுதாளா?"

"மாதாவே, என்ன சொல்லுதிய!"

அந்தப் பக்கம் போன் கீழே விழுந்தது. பிள்ளை வீறிட்டு அழுதாள். அழுகிறாள் என்றால் மூச்சு இருக்கிறது. ஆனால் விழுங்கியிருந்தால்? ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போ என்று கத்திவிட்டு, பெட்டி கட்டும்போதே கழன்றிருக்குமோ என்று ரூமுக்கு ஓடினேன்.

லீவுக்குப் போகிறவரின் பெட்டியை ரூமே சேர்ந்துதான் கட்டும். கைத்தராசில் தொங்கவிடுவோம், எடை கூடினால் அவிழ்ப்போம், ஒருவர் சாமானை நெருக்கி இன்னொருவர் சாமானை நுழைப்போம். கொரில்லாவின் அட்டையைக்கூட எடை என்று பிய்த்துப் போட்டார்கள். பால்பவுடர் டின்னுக்கு இடம் பண்ண ஒருவர் அதன்மேல் முட்டிக்காலை வைத்து அமுக்கியது ஓடும்போதுதான் நினைவுக்கு வந்தது.

கட்டிலுக்கு அடியில், அறுத்துப் போட்ட டேப்புக்கும் தூசிக்கும் நடுவே குட்டி கிடந்தது.

திரும்பப் போன் அடித்தபோது அவள் ஆட்டோவில் ஏறியிருந்தாள். "கெடச்சிட்டு, இங்கதான் கெடக்கு" என்றேன். ஆட்டோவைத் திருப்பச் சொன்னாள்.

"இனிமே மிருகம் கிருகம் ஒண்ணும் அனுப்பாதிய" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை மீன்படகுத் துறையில் துரு தட்ட ஆள் கேட்டார்கள். போனேன். அந்நேரம் குடோனில் என் ஸ்டூலில் வேறொருவன் உட்கார்ந்து குட்டிகளை ஒட்டிக்கொண்டிருந்திருப்பான். எனக்குச் சுத்தியலும் உளியும் கொடுத்தார்கள். படகின் அடியில் மல்லாந்து படுத்துத் தட்ட ஆரம்பித்தேன்.