சீர்த்தட்டில் வந்த ரத்தக் காட்டேரி

நான் வயதுக்கு வந்தபோது நடந்த திரட்டிச் சீருக்குத் தாய்மாமன் கொண்டுவந்த தட்டுகளில் தேங்காய், வாழைப்பழம், பட்டுப்பாவாடை எல்லாம் முறைப்படி இருந்தன. கடைசித் தட்டில் மட்டும் வெற்றிலைக்கு மேல் ஓர் அட்டைப்பெட்டி. அதன் மூடியில் கடைவாயில் ரத்தம் வழிய ஒருவன் சிரித்துக்கொண்டிருந்தான். நல்ல காரியத்தில் இப்படியொரு மூஞ்சியா என்று பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அம்மாவின் அண்ணனான மாமா அசரவில்லை. "புள்ள கம்ப்யூட்டர் கேம் கேட்டுதுங்க, வாங்கியாந்தேன்" என்றார்.

மாமா பம்ப்செட் கம்பெனி வேலையாகச் சிங்கப்பூர் போய்வருகிறவர். கடையில் இருந்ததிலேயே பயங்கரமான படத்தைப் பார்த்து எடுத்திருக்கிறார். பீளமேட்டில் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் போட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. வந்திருப்பது ஏற்கெனவே இருக்கும் ஒரு மாயாஜால விளையாட்டோடு சேர்க்கவேண்டிய கூடுதல் பாகம். மூல விளையாட்டு இல்லாமல் அது ஓடாது. மாமா தலையில் கைவைத்துக்கொண்டார். "கீழ ஊடு கட்டாம மாடிய மட்டும் வாங்கியாந்துபோட்டேன் அம்மணி. அடுத்த தடவ போறப்ப அதையும் கொண்டாறேன்."

அதுவரை எங்களுக்கு இருந்தது பெட்டிக்குள் இருந்த குறிப்புப் புத்தகம்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் மாமா வருவார். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு ஓடாத விளையாட்டின் விதிகளை இரண்டு பேரும் படிப்போம். காட்டேரிக்கு வெயில் ஆகாது, கண்ணாடியில் உருவம் தெரியாது. உள்ளே இருப்பவர்கள் வாய்விட்டு அழைக்காமல் எந்த வீட்டுக்குள்ளும் அதனால் நுழைய முடியாது. இந்த இடம் வந்ததும் மாமா விழுந்து விழுந்து சிரித்தார். "அட, நம்ம சொந்தக்காரங்களாட்டமே இருக்குதே! வாங்கன்னு ஒரு வார்த்த சொல்லலீன்னா கேட்டோட திரும்பிப் போற ஆளுங்கதான நாம?" சமையலறையிலிருந்து அம்மாவும் சிரித்தது எனக்குக் கேட்டது.

அடுத்த வருடம் தாராபுரம் பக்கத்தில் இருந்த தாத்தாவின் தோட்டத்தை அம்மாவுக்கும் மாமாவுக்கும் பாகம் பிரித்தார்கள். கிணறு மாமா பக்கம் போனது. தண்ணீர் இல்லாத மேட்டுக்காடு அம்மாவுக்கு. யார் பக்கம் நியாயம் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. பேச்சு நின்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளும் நின்றன.

ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது வீட்டுக் கேட்டில் ஒரு மஞ்சள் பை தொங்கியது. உள்ளே அந்த மூல விளையாட்டு, பிரிக்காத பெட்டியோடு.

"உங்க மாமன் வந்திருந்தாரு" என்றாள் அம்மா.

"உள்ள வரலீங்களாம்மா?"

"நான் வாங்கன்னு சொல்லல. கொஞ்ச நேரம் கேட்டப் புடிச்சுட்டு நின்னாரு. அப்பறம் போயிட்டாரு."

இரண்டையும் சேர்த்துப் போட்டேன். ஓடியது. ஓரிடத்தில் நான் ஒரு வீட்டுக்குள் இருந்தேன். வெளியே மழையில் காட்டேரி நின்றது. அழைக்கவா வேண்டாமா என்று திரை கேட்டது. அழைத்தால் சாவுதான் என்று மாமாவும் நானும் படித்திருந்தோம். அழைத்தேன். செத்தேன். மறுபடி அதே வீடு, அதே மழை. மறுபடி அழைத்தேன். அழுகை வரவில்லை, கோபமும் இல்லை. கை தன் பாட்டுக்கு அதைச் செய்துகொண்டிருந்தது. சில நாட்களில் அதுவும் அலுத்துப்போய்ப் பெட்டிகளை அலமாரியில் வைத்துவிட்டேன். என் கல்யாணத்தில் தாய்மாமன் செய்யவேண்டியதை ஒன்றுவிட்ட மாமா ஒருவர் செய்தார். போட்டோவில் எல்லோரும் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

போன மாதம் மாமா இறந்துபோனார். போனை வைத்துவிட்டு அம்மா நறுக்கிக்கொண்டிருந்த பீன்ஸை நறுக்கி முடித்தாள். பிறகு சேலை மாற்றிக்கொண்டு, "வா, போலாம்" என்றாள்.

துக்க வீட்டில் வருகிறவர்களை யாரும் வாங்க என்று சொல்வதில்லை, அதுதான் வழக்கம். அத்தனை வருடங்களுக்குப் பிறகு அண்ணன் வீட்டுப் படியேறிய அம்மாவையும் யாரும் அப்படி அழைக்கவில்லை. அவள் நேராக உள்ளே போய் அவர் தலைமாட்டில் உட்கார்ந்தாள். எனக்கு அங்கே எதுவும் தோன்றவில்லை. வெற்றிலைமேல் இருந்த அந்தப் பெட்டியின் நினைவு மட்டும் வந்தது. அது இன்னும் என்னிடம் இருக்கிறது. இப்போதைய கம்ப்யூட்டரில் அந்தச் சிடித் தட்டைப் போட இடம்கூடக் கிடையாது.

திரும்பி வந்ததும், துக்க வீட்டுக்குப் போய்வந்தவர்கள் கால் கழுவுவதற்காக வாளியில் தண்ணீர் பிடித்து வைத்தேன். முதலில் நான் கழுவிக்கொண்டு உள்ளே போனேன். அம்மா கால் கழுவினாள். முகம் கழுவினாள். ஆனால் உள்ளே வரவில்லை. மஞ்சள் பை தொங்கிய அதே கேட்டைப் பிடித்துக்கொண்டு வீட்டையே பார்த்தபடி நின்றாள்.

"வாங்கம்மா" என்றேன்.

அதற்குப் பிறகுதான் வந்தாள்.