அஞ்சலை டீச்சரின் தகுதி

நேற்று செராசில் மகள் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். அவள் நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள். அந்த வாடை மூக்கில் ஏறியதும் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டேன். "ஏன்ப்பா, ஒத்துக்கலையா?" என்றாள். சாயத்தின் மேல் குற்றமில்லை. இதே வாடையோடு ஒரு சின்னப் புட்டி எண்பதுகளில் என் மேசையில் இருந்தது. ஸ்டென்சில் தாளில் விழுந்த பிழையை அழிக்கும் சிவப்பு மை.

இன்றைக்கு ஸ்டென்சில் என்றால் விளக்கித்தான் சொல்ல வேண்டும். மெழுகுத் தாளில் தட்டச்சு செய்து, உருளையில் மாட்டிச் சுற்றினால் நூறு நூறாகப் பிரதி விழும். பகலில் எனக்கு ரயில்வேயில் கிராணி, அதாவது குமாஸ்தா வேலை. ஐந்து மணிக்கு மேல் பிரிக்பீல்ட்ஸில் ஒரு மளிகைக் கடை மாடியில் எங்கள் கட்சிக்குத் தட்டச்சு. சம்பளம் கிடையாது, ரொட்டி சானாய் உண்டு. எனக்கு நன்றாக எழுத வரும் என்று நானே ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். வினையே அதில்தான்.

அஞ்சலை டீச்சர் கிள்ளானில் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. கட்சியின் தேசிய உதவித் தலைவர் பதவிக்கு நின்றார். அதுவரை பெண் யாரும் உட்காராத நாற்காலி. அதில் உட்கார்ந்தவரைத்தான் அடுத்து நாடாளுமன்றத்துக்கு நிறுத்துவார்கள். பொம்பளைக்கு நாட்டு விவகாரம் என்ன தெரியும் என்று சிலர் முனகினார்கள். மாவட்ட அதிகாரியிடம் மலாய் மொழியில் மல்லுக்கட்டி ஜனங்களுக்குத் தண்ணீர்க் குழாய் வாங்கித் தந்தவர் அவர். இப்போது அவருக்கு அவசரம் வேறு. ஜெஞ்சாரோம் பக்கம் அவர் பிறந்த ரப்பர் தோட்டம் விற்பனையாகி, தொழிலாளிகள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகளைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்துவிட்டது.

மாநாட்டில் ஓட்டுப் போடும் பேராளர்களுக்குக் கொடுக்க அவரைப் பற்றி ஒரு பக்கம் வேண்டும். நின்றபடியே சொன்னார்.

"எழுதுங்க தம்பி. பதிமூணு வயசுல பால்மரம் வெட்டப் போனேன். எட்டு வருஷம் வெட்டினேன். அப்புறம்தான் படிச்சு டீச்சரானேன்."

"இதெல்லாம் போடணுமா டீச்சர்?"

"அதானே என் குவாலிபிகேஷன்! தோட்டத்து ஆளுங்க அதுக்குத்தான் லா ஓட்டுப் போடுவாங்க."

சொல்லிவிட்டு, நோட்டீஸ் விஷயமாக ஜெஞ்சாரோமுக்கு பஸ் பிடிக்க ஓடினார்.

மரம் வெட்டுவதென்றால் ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுப்பது. சொன்னபடியே தட்டச்சு செய்தேன். படித்துப் பார்த்தபோது கூசியது. என் அப்பாவும் தோட்டத்திலிருந்து வந்தவர்தான். நாங்கள் அதை வெளியே சொல்லிக்கொள்வதில்லை. பட்டணத்து வக்கீல்களும் டாக்டர்களும் சிரிப்பார்களே என்று, சிவப்பு மையைத் தொட்டு அந்த வரிகளை அழித்தேன். அதன் மேலேயே 'நிலபுலமுள்ள குடும்பத்தில் பிறந்தவர்' என்று அடித்தேன். டீச்சரைக் காப்பாற்றிவிட்டதாகப் பெருமை வேறு. நினைத்தால் இன்றும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

மாநாட்டு மண்டபத்தில் தாளை எல்லாருக்கும் கொடுத்தேன். கட்சியின் தோட்டத்துக் கிளைக்காரர் ஒருவர் எழுந்து அதை ஆட்டினார்.

"எங்ககூட மரம் வெட்டின பொண்ணுக்கு எப்ப லா நிலம் வந்துச்சு? இப்பவே எங்கள மறைக்கிறவங்க, மேல போயி எங்களுக்காகப் பேசுவாங்களா?"

டீச்சர் அப்போதுதான் தாளைப் படித்தார். மேடையிலிருந்து அவர் கண் என்னைத் தேடியது. நான் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

"மரம் வெட்டினதுதான் உண்மை. தாள்ல இருக்கறது தப்பு," என்றார். யார் எழுதியது என்று கூச்சல் போட்டார்கள். "என் பேர்ல வந்தது, என் பொறுப்பு," என்றாரே தவிர என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. தோட்டத்து ஓட்டெல்லாம் எதிராளிக்குப் போயிற்று. டீச்சர் தோற்றார்.

வெளியே படிக்கட்டில் என்னைப் பிடித்துக்கொண்டார். "நான் வெட்கப்படலையே தம்பி. நீங்க ஏன் பட்டீங்க?"

அதற்குப் பிறகு மளிகைக் கடை மாடிப்படி ஏறவே எனக்குத் தைரியம் வரவில்லை.

லயங்களை அந்த வருடமே இடித்தார்கள். டீச்சர் மனுவைத் தூக்கிக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக அலைந்தார். பதவியில்லாதவரை எவரும் உட்காரக்கூடச் சொல்லவில்லை. ஜனங்கள் திக்குக்கு ஒருவராகப் போனார்கள். டீச்சரும் போய்ச் சேர்ந்து வெகுநாளாகிறது.

போன மாதம் அந்தப் பக்கம் போனேன். மரமில்லை, லயமில்லை, பள்ளிக்கூடமில்லை. மதில் எழுப்பிய பெரிய பெரிய வீடுகள். வாசலில் காவலுக்கு நம்மவர் ஒருவர், ஐம்பது வயதிருக்கும்.

"இங்கதான் அங்கிள் நான் பொறந்தேன்," என்றார். அஞ்சலை டீச்சரைத் தெரியுமா என்று கேட்டேன்.

"தெரியும் லா. தோட்டத்துல பொறக்கலன்னு எழுதிக் குடுத்தாங்களே, அவங்கதானே?"

"அத எழுதினது நான்," என்றேன்.

பின்னால் ஒரு கார் ஹாரன் அடித்தது. அவர் தடுப்பைத் தூக்கப் போய்விட்டார்.