வெற்றிலை மையில் நான் பார்த்த பெண்

என் ஒன்பதாவது வயதில் ஒரு பெண்ணைத் திருடி என்று சொன்னேன். அவர் திருடவில்லை. அது எனக்குத் தெரிய வர முப்பது வருஷம் ஆயிற்று. இத்தனைக்கும் செங்கல்பட்டில் ஒரு கல்லூரியில் நான் நடத்துவது உளவியல். நடக்காதது எப்படி நினைவாகப் பதிகிறது என்று வருஷா வருஷம் மணிக்கணக்காகப் பேசுகிறவள்.

செய்யூரில் நாங்கள் இருந்தபோது அம்மாவின் சங்கிலி காணாமல் போனது. போலீசுக்குப் போனால் தெருவே வேடிக்கை பார்க்கும் என்று, மை போட்டுப் பார்க்கும் ஒருவரைக் கூட்டி வந்தார்கள். வெற்றிலையில் கறுப்பு மையைத் தடவி விளக்குக்கு முன் பிடித்து, வயசுக்கு வராத பிள்ளையை உற்றுப் பார்க்கச் சொல்வார்கள். மைக்குள் திருடன் தெரிவான் என்பது நம்பிக்கை. எங்கள் வீட்டில் அந்தத் தகுதியோடு இருந்தது நான் மட்டும்தான். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

உண்மையில் தெரிந்தது விளக்கின் வெளிச்சம். அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. மைக்குள் சாமி வருவதற்கு முன்னால் ஓர் ஆள் வந்து இடத்தைக் கூட்ட வேண்டும், அதுதான் முறை. மைக்காரர் அதைத்தான் முதலில் கேட்டார்.

"எடம் கூட்ட ஆளு வந்துச்சா பாப்பா?"

எனக்குத் தெரிந்து கூட்டுகிறவர் ஒருவர்தான். தினமும் காலையில் எங்கள் வீட்டைப் பெருக்க வரும் அக்கா. கண் கொட்டாமல் பார்க்கப் பார்க்க, மைக்குள் அவர் குனிந்து பெருக்கினார்.

"வந்துச்சு."

"ஆம்பளையா, பொம்பளையா?"

"பொம்பளை."

"இந்த வூட்டுக்கு வந்து போறவங்களா?"

திரும்பிப் பார்த்தேன். அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆமாம் என்றேன்.

"எடுத்து மடியில வெச்சிகினாங்களா?"

அதற்கும் ஆமாம் என்றேன். அந்த நொடியில் மைக்குள் அதுவும் தெரிந்தது. இடம் கூட்ட வந்தவரே திருடியானதை யாரும் கவனிக்கவில்லை. பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கேட்கும் மாணவருக்கு இன்று நான் மார்க் போட மாட்டேன். அன்று ஒரு வீடே அதைக் கேட்டுத் தலையாட்டியது.

அக்கா முதலில் சத்தியம் செய்தார். அம்மா விடவில்லை. "நல்லா யோசிச்சிப் பாரு, ஞாபகம் வரும்" என்று தினமும் உட்கார வைத்துக் கேட்டாள். ராத்திரியில் அவர் வீட்டுக்காரரும் அதையே கேட்டாராம். ஒரு வாரம் கழித்து அக்கா வந்து, தான்தான் எடுத்ததாகவும், எங்கே வைத்தோம் என்பதுதான் நினைவில்லை என்றும் சொல்லி அழுதார். பிறகு குடும்பத்தோடு சதுரங்கப்பட்டினம் பக்கம் போய்விட்டார்.

எனக்கோ அந்தக் காட்சி வருஷத்துக்கு வருஷம் தெளிவாகிக்கொண்டே வந்தது. வெற்றிலையும் மையும் அதிலிருந்து கழன்று போயின. அம்மாவின் அறையில், பீரோ முன்னால், அக்கா சங்கிலியை எடுப்பதை நேரிலேயே பார்த்ததாக ஆகிவிட்டது. கண்ணாடி வளையல் சத்தம்கூடக் கேட்கும். ஹிப்னாடிசம் பழைய நினைவை மீட்டுத் தராது, தப்பான நினைவின் மேல் உறுதியைத்தான் கூட்டும் என்று வகுப்பில் அடித்துச் சொல்வேன். என் சொந்த நினைவை ஒரு நாளும் சந்தேகித்ததில்லை. படித்த முட்டாள் என்றால் என்னைத்தான் காட்ட வேண்டும்.

போன வருஷம் அம்மாவின் அதே பழைய பீரோவில் லாக்கர் சிக்கிக்கொண்டது. சரிசெய்ய வந்தவர் அடித்தட்டைக் கழற்றினார். தகட்டுக்கும் பலகைக்கும் நடுவில் சங்கிலி கிடந்தது. அம்மா அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"வுடு. இத்தினி வருசம் கழிச்சிப் போயி இன்னான்னு சொல்லுவ?" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. பாதி அவள் மேல், பாதி என் மேல். மறுநாளே வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

விசாரித்துக்கொண்டே போய் வீட்டைக் கண்டுபிடித்தேன். அக்கா வாசலில் இறால் உரித்துக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை. யார் என்று சொன்னதும் எழப் பார்த்தார். பயத்தில்தான் என்று எனக்குப் பட்டது. கூனிக்குறுகிப் போனேன். சங்கிலியை எடுத்துக் காட்டினேன்.

"பீரோவுக்குள்ளேயே இருந்ததுக்கா. நீங்க எடுக்கல. நான்தான் தப்பா சொல்லிட்டேன்."

அவர் சங்கிலியைத் தொடவில்லை.

"இல்ல பாப்பா, எடுத்தேன். ஞாபகம் கீதே. அம்மா குளிச்சிகினு இருந்தாங்க. மடியில சுத்தி வெச்சேன். அதோட கனம்கூடத் தெரிஞ்சிது."

நடக்காததைத் திரும்பத் திரும்பக் கேட்டால் நடந்ததாகவே மனம் படம் போட்டுக்கொள்ளும் என்று சொன்னேன். எனக்கும் அப்படித்தான் ஆயிற்று, நீங்கள் எடுக்கும் காட்சி இப்போதுகூட என் கண்ணில் நிற்கிறது, ஆனால் அது பொய் என்றேன். வகுப்பில் இவ்வளவு தடுமாறியதில்லை. அவர் கையில் இருந்த இறாலைக் கீழே வைத்தார்.

"எம் பொண்ணும் வூட்டு வேலைதான் செய்யுது பாப்பா. அவளாண்ட, உன் அம்மா கை நீட்டுனவ, நீ யார் பீரோவாண்டயும் போவாதன்னு சொல்லிச் சொல்லித்தான் வளத்தேன். அவ புருசனுக்கும் தெரியும்."

அழுகை வந்தது. அக்கா உள்ளே பார்த்து மகளைக் கூப்பிட்டார்.

"இவளாண்ட நீயே சொல்லு பாப்பா. நான் சொன்னா எனக்கே நம்பிக்க வராது."

ஈரக் கையோடு வந்த மகளிடம் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். வெற்றிலை, மை, நான் சொன்ன ஆமாம்கள், லாக்கரின் அடித்தட்டு. முடித்ததும் அவள் என்னை விட்டுவிட்டுத் தன் அம்மாவின் பக்கம் திரும்பினாள்.

"அப்போ நீ எடுக்கவே இல்லியாம்மா?"

அக்கா பதில் சொல்ல வாயைத் திறந்தார். பிறகு, என்ன சொல்ல வேண்டும் என்று கேட்பதுபோல என் முகத்தைப் பார்த்தார்.