அன்சீசர் திறக்காத வரைபடம்

மனிசாலெஸ் என்கிற மலை ஊரில் எங்கள் சங்கத்தில் வீட்டிலிருந்தே கணினித் திரையில் விமானம் ஓட்டுகிறவர்கள் எட்டுப் பேர். ஒன்பதாவது ஆள் யோலிமா, அதாவது நான். நான் ஓட்டுவதில்லை, நான்தான் கட்டுப்பாட்டுக் கோபுரம். சனிக்கிழமை மதியமானால் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டுக் கணினியை வைத்து, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்த எட்டுப் பேரையும் ஒவ்வொருவராகத் தரையிறக்குவேன். வாரநாட்களில் கால்நடை மருத்துவமனையின் வரவேற்பில் உட்கார்ந்து நாய் வளர்ப்பவர்களை வரிசையில் நிறுத்துவது என் பிழைப்பு. இரண்டில் எது கஷ்டம் என்று கேட்காதீர்கள். நாய்க்காரர்கள் சொன்னால் கேட்பார்கள்.

நான் சொல்ல வந்தது அன்சீசர் லொண்டோன்யோவைப் பற்றி. மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் வில்லைகளைத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துகிறவர். ஒல்லியான ஆள், கத்தரித்த மீசை, சட்டைப் பையில் எப்போதும் ஒரு சீப்பு. ஒரு காலத்தில் எந்த விருந்துக்குப் போனாலும் அவரைச் சுற்றித்தான் கூட்டம் நிற்கும், அப்படிக் கதை சொல்வார். நாற்பது வயதில் மூளைக் காய்ச்சல் வந்தது. பிழைத்துவிட்டார், ஆனால் இரண்டு காதும் போய்விட்டன. நேருக்கு நேர் நின்று பேசினால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார். நாலு பேர் கலந்து பேசினால் தொலைந்தார். அதற்குப் பிறகு விருந்துகளில் தட்டைக் கையில் பிடித்தபடி ஒரு ஓரத்தில் உட்கார்ந்து, மற்றவர்கள் சிரித்து முடிக்கிற நேரத்தில் தானும் சிரிப்பார். அதைப் பார்க்க எனக்குச் சகிக்காது.

பறக்கும்போது மற்றவர்களுடன் குரலில் பேசுவேன், அவருக்கு மட்டும் தட்டச்சு செய்வேன். "இறங்குங்கள்", "இடப்பக்கம் திரும்புங்கள்", அவ்வளவுதான். அவரும் எழுத்திலேயே பதில் போடுவார். நடுவில் ஓடுகிற கிண்டலையும் சண்டையையும் யார் தட்டிக்கொண்டிருப்பது?

எங்கள் ஊர் விமான நிலையமான லா நூபியா மலை முகட்டில் இருக்கிறது. நினைத்தால் மூடுபனி வந்து உட்கார்ந்துகொள்ளும், விமானம் இறங்க முடியாது. சிமுலேட்டரில் ஒரு பொத்தானைத் தட்டினால் வானம் பளிச்சென்று ஆகிவிடும். எங்கள் சங்கத்தில் அந்தப் பொத்தானைத் தொடக்கூடாது. ஜன்னலுக்கு வெளியே என்ன பனி இருக்கிறதோ அதே பனிதான் திரையிலும். பனி விலகும் வரை எட்டுப் பேரும் மேலே வட்டமடித்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். வெளியூர்க்காரர்கள் எங்களைப் பைத்தியம் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

ஒவ்வொரு ஜனவரியிலும் ஊர்ப் பெருவிழா வாரத்தில் எல்லோரும் ஒன்றாகப் பறந்து வந்து லா நூபியாவில் இறங்குவது வழக்கம். போன வருடம் அது சந்தி சிரித்துப் போனது. ஆளுக்கொரு மென்பொருளில் பாதை போட்டிருந்தார்கள், ஒவ்வொன்றிலும் வழித்தடத் தகவல் வெவ்வேறு மாதத்துடையது. நான் ஒரு வழிப்புள்ளியின் பெயரைச் சொல்லி அங்கே திரும்பச் சொன்னால், பாதிப் பேரின் வரைபடத்தில் அந்தப் புள்ளியே இல்லை. சங்கத் தலைவர் எவெலியோ அதே பெயரில் வேறெங்கோ ஒரு புள்ளியைக் கண்டுபிடித்துப் பசிபிக் கடலைப் பார்த்துப் போய்விட்டார்.

எவெலியோவுக்கு நோட்டரி அலுவலகத்தில் முத்திரை குத்துகிற வேலை. அந்த அவமானத்தை அவரால் ஜீரணிக்க முடியவில்லை. இனி எல்லோருக்கும் ஒரே மென்பொருள் என்று தீர்மானம் போட்டார். பாதை போடுவது, வானிலை பார்ப்பது, பறக்கும்போது நம் விமானம் வரைபடத்தில் நகர்வது எல்லாம் அதிலேயே நடக்க வேண்டும்.

கடைசியில் இரண்டு மிஞ்சின. ஒன்றுக்குச் சீமாட்டி என்று பெயர் வைத்தோம். கண்ணைப் பறிக்கிற வண்ணம், நிஜ விமானிகள் பார்க்கிற அதே இறங்குபாதைப் படங்கள், மாதம் தவறாமல் புதுத் தகவல், கைக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு விரலாலேயே பாதை போடலாம். இன்னொன்று சாம்பல். பெயருக்கேற்ற நிறம், பழைய கணினியிலும் ஓடும், எழுத்து எறும்பு போல இருக்கும். ஆனால் அதை வைத்திருப்பவர்கள் பகிர்வைத் திறந்துவிட்டால் ஒருவர் விமானம் மற்றவர் வரைபடத்தில் பெயரோடு நகரும். சீமாட்டியில் நம் விமானம் மட்டும்தான் தெரியும். இதுவரை பாதையை எதில் போட்டாலும் எல்லோரும் சாம்பலையும் ஓரமாக ஓடவிட்டுத்தான் வைத்திருந்தார்கள்.

ஒரு சனிக்கிழமை எல்லோரும் மற்றதையெல்லாம் மூடிவிட்டு, சீமாட்டியை மட்டும் வைத்து ஓட்டிப் பார்த்தோம். அன்சீசர் தவறில்லாமல் இறங்கினார். எனக்கும் அதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை.

திங்கட்கிழமை மருத்துவமனைக்கு அவர் மனைவி ரூபியெலா வந்து நின்றாள். கையில் நாயும் இல்லை, பூனையும் இல்லை.

"என்னக்கா, யாருக்கு ஊசி?" என்றேன்.

"உனக்குத்தான் போடணும். அஞ்சு நிமிஷம் வெளிய வா."

நடைபாதையில் நின்றபடி சொன்னாள். "காது கேக்காத மனுசனுக்கு அந்த விமானத்துல அப்படி என்னதான் இருக்குன்னு நானும் நெனச்சிருக்கேன் யோலிமா. அப்புறம்தான் பாத்தேன். அந்தச் சாம்பல் மேப்பத் தொறந்து வெச்சுக்குவாரு. 'எவெலியோ மறுபடி கோட்ட விட்டுட்டான் பாரு, யோலிமா இப்ப கத்திட்டிருப்பா'ன்னு என்கிட்ட சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. எங்க வீட்ல அவரு வாய்விட்டுச் சிரிக்கிறது சனிக்கிழமை மட்டுந்தான்."

"சரி, அதுக்கென்ன இப்போ?"

"முந்தாநாளும் ஓட்டும்போது பக்கத்துல அதத் தொறந்தாரு. அவரு விமானம் மட்டும் ஒண்டியா போய்ட்டிருந்துச்சு. நீங்க யாரும் இல்ல. கொஞ்ச நேரம் அதையே பாத்துட்டு மூடிட்டாரு. அப்புறம் இறங்குற வரைக்கும் ஒரு வார்த்த பேசல."

இத்தனை வருடமாக அந்த வரைபடத்தை வைத்து அவர் வழி பார்க்கிறார் என்று நினைத்திருந்தேன். அவர் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"ஒரு வார்த்தை சொன்னா போதுமேக்கா. நாங்க மாட்டேன்னா சொல்லப் போறோம்?"

"அவரா சொல்வாரு? ஐயோ பாவம்னு யாராச்சும் ஒண்ணு செஞ்சா அன்னிக்கே எந்திரிச்சுப் போயிடுவாரு. நான் வந்து சொன்னது தெரிஞ்சாலே வீட்ல பூகம்பந்தான். நீ வாயத் தொறக்காம எப்படியாச்சும் சாம்பல ஜெயிக்க வை."

வாயைத் திறக்காமல் ஜெயிக்க வைப்பதாம். என்னிடம் வந்து சொல்கிறாள்.

அடுத்த கூட்டத்தில் என்னால் முடிந்ததெல்லாம் பேசினேன். சாம்பல் இலவசம் என்றேன். "நல்லது நாலு காசு ஆகத்தான் செய்யும்" என்றார் எவெலியோ. பழைய கணினி வைத்திருப்பவர்கள் என்ன செய்வார்கள் என்றேன். "கைக்கணினில ஓட்டிக்கட்டும்" என்றார். எழுத்தைப் பெரிதாக்க வழி இருக்கிறது என்றேன்.

"யோலிமா, நீ ஓட்டுறதே இல்ல. அந்தச் சாம்பல் மேல உனக்கென்ன அப்படியொரு காதல்?"

"உங்க மேல இல்லல்ல, விடுங்க தலைவரே."

எல்லோரும் சிரித்தார்கள், ஓட்டு மட்டும் நகரவில்லை. சீமாட்டிக்கு நாலு கை, சாம்பலுக்கு மூன்று. அன்சீசர் மட்டும் பாக்கி. அவரும் சாம்பலுக்குத் தூக்கினால் சமம். சமமானால் முடிவு கோபுரத்தின் கையில் என்பது எங்கள் சட்டம். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எவெலியோ அவர் பக்கம் திரும்பி, உதட்டை அசைத்து மெதுவாகக் கேட்டார். அன்சீசர் மீசையைத் தடவிக்கொண்டார். பிறகு சீமாட்டிக்குக் கை தூக்கினார்.

"அதுதான் ஒஸ்தி" என்றார், தன் குரல் தனக்கே கேட்காதவர்களுக்கு வருகிற அந்த உரத்த குரலில். "எல்லாரும் ஒரே புள்ளியில திரும்பணும்ல, அதுக்கு அதுதான் சரி." கடையில் வேலை இருக்கிறது என்று சீக்கிரம் எழுந்தவர் கதவருகில் நின்று, "பெருவிழா முடிஞ்சதும் நான் கொஞ்ச நாள் வரல. கடைல ஆர்டர் ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஜனவரியில் எந்தக் கடையில் ஆர்டர் ஜாஸ்தி? பாதி ஊர் விழாவில் ஆடிக்கொண்டிருக்கும். எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. வாயைத் திறக்காதே என்று ரூபியெலா சொன்னதாவது ஒன்றாவது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அழுகையும் வந்துவிட்டது, அது வேறு எரிச்சல்.

தட்டில் ஆறிக்கொண்டிருந்த பாலாடைக்கட்டி உருண்டைகளை யாரும் தொடவில்லை. எவெலியோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதுவும் அன்சீசர் செய்து கொடுத்த கண்ணாடிதான்.

"இலவசம்ங்கறதாலதான் அதப் புடிச்சுக்கிட்டுத் தொங்குறாருன்னு நெனச்சேன்" என்றார்.

"நெனப்பீங்க."

"இரு, திட்டாத. தீர்மானம் என்ன சொல்லுது? பாதை போடறதுக்கும் பறக்கறதுக்கும் ஒரே மென்பொருள். திரையோட மூலையில வேற எது ஓடிட்டிருக்குன்னு அதுல ஒரு வார்த்த இருக்கா?" நோட்டரி ஆபீஸ் புத்தி எதற்காவது உதவும் என்று அன்றைக்குத்தான் கண்டேன். "எல்லாரும் சாம்பல ஓட விட்டு, பகிர்வத் தொறந்து வைங்க. அவருகிட்ட யாரும் மூச்சு விடக் கூடாது."

பெருவிழா ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது என் ஜன்னலிலிருந்து எதிர்வீடு தெரியவில்லை. அப்படியொரு பனி. எட்டு விமானங்களும் வெவ்வேறு ஊர்களிலிருந்து கிளம்பி, லா நூபியாவை நெருங்கி, ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கில் வட்டமடிக்க ஆரம்பித்தன. சீமாட்டியின் புண்ணியத்தில் எல்லோரும் ஒரே புள்ளியில் திரும்பினார்கள், அதை மறுப்பதற்கில்லை. ஏழு பேருடைய திரை மூலையிலும் சாம்பல் ஓடிக்கொண்டிருந்தது.

அரை மணி போன பிறகுதான் எவெலியோ குரலில் கேட்டார்: "யோலிமா, அவரு ஏதாச்சும் எழுதினாரா?"

"உயரத்தத் தவிர ஒண்ணும் எழுதல."

"அவரு சாம்பலத் தொறந்தாத்தானே..."

அவர் ஏன் திறக்கப் போகிறார்? அதில் யாருமில்லை என்று அவருக்குத் தெரியுமே. ஒரு வாரமாக எட்டுப் பேரும் நானும் சேர்ந்து ரகசியம் காத்த லட்சணம் இது. இவ்வளவு பெரிய மூளைகள் ஒன்பது கூடியும் ஒன்றுக்கும் இது தோன்றவில்லை. அதிலும் எட்டுப் பேர் என்று எண்ணும்போது அன்சீசரையே சேர்த்து எண்ணியிருக்கிறேன் பாருங்கள்.

ஹெட்போனை ஒரு காதில் விட்டுவிட்டு, மறு காதில் கைபேசியை வைத்து ரூபியெலாவைக் கூப்பிட்டேன்.

"அக்கா, அவரச் சாம்பலத் தொறக்கச் சொல்லுங்க."

"ஓட்டும்போது மவுச நான் தொட்டா அவ்வளவுதான்டி, கொன்னுடுவாரு!"

"தொட வேண்டாம், சொல்லுங்க போதும்."

"என்னன்னு சொல்றது?"

"தொறங்கன்னு சொல்லுங்க. போனக் கட் பண்ணாதீங்க."

செருப்புச் சத்தம் கேட்டது. பிறகு ரூபியெலா அவர் முன்னால் போய் நின்று ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்வது கேட்டது: "அந்தச் சாம்பலத் தொறங்க."

"எதுக்கு? அதுல யாரும் இல்ல" என்றார் அன்சீசர்.

"தொறங்கன்னா தொறங்களேன்!"

போனில் மவுஸ் சொடுக்குகிற சத்தம் மட்டும் கேட்டது. மறு காதில் ஏழு பேரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

"ரூபி, இங்க வா" என்றார் அவர். "இங்க பாரு. இது எவெலியோ. சின்சினா பக்கம் அகலமாத் திரும்பறான், அவன் எப்பவும் அப்படித்தான். மேல ஒர்லாந்தோ. இது தொபியாஸ், புதுசா வாங்கின சின்ன விமானம், ஊர்ந்து வரான் பாரு. எல்லாரும் இருக்காங்க, ரூபி. எல்லாருமே இருக்காங்க."

கொஞ்ச நேரத்தில் எல்லோருக்கும் தெரிகிற எழுத்துப் பலகையில் அவர் எழுதியது வந்தது: "தலைவரே, சட்டப்படி ஒரே மென்பொருள்தான். யாருக்காக ரெண்டாவது ஓடுது? எனக்கு யாரோட பரிதாபமும் வேண்டாம்."

எனக்கு உயிரே போய்விட்டது. எவெலியோவும் எழுத்திலேயே பதில் போட்டார். ஒற்றை விரலால் தட்டுகிறவர், பதில் வர வெகுநேரம் ஆனது.

"எங்களுக்காக. எட்டு பேர்ல ஏழு பேர் கொரல் கேக்குது. உன் கொரல் மட்டும் கேக்கறதில்ல. இந்தப் பனில நீ எங்க இருக்கேன்னு எங்களுக்குத் தெரிய வேண்டாமாடா?"

என் திரையில் அன்சீசரின் விமானம் தன் அடுக்கை விட்டு நகராமல், விமானிகள் வணக்கம் சொல்கிற விதத்தில் இறக்கைகளை மேலும் கீழும் ஆட்டியது. மற்றவர்களும் ஒவ்வொருவராக ஆட்டினார்கள்.

பனி விலக மதியம் ஆகிவிட்டது. முதலில் யார் இறங்குகிறீர்கள் என்று கேட்டேன். யாரும் அவசரப்படவில்லை.